உறைமேல் முகவரி

ஐயா,

இதை எழுதும்போது யார் யார் இருந்தார்கள், எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிரிண்டரை ஒட்டிய மேசையில் நான். எனக்கு எதிரே, வாடிக்கையாளர்களுக்கான நீல நாற்காலியில் வெற்றிச்செல்வி. லேமினேஷன் மெஷினுக்குப் பக்கத்து பெஞ்சில் அவளுடைய தாயார் அம்மாக்கண்ணு, மடியில் ஒரு மஞ்சள் பையோடு. ஷட்டருக்குக் கீழே ஸ்டூல் போட்டு, காலை நீட்டிக்கொண்டு அரியமுத்து. அவன் அப்படி உட்கார்ந்தால் யாரும் உள்ளே வர முடியாது, வெளியே போகவும் முடியாது. மின்விசிறி ஓடுகிறது. டீ சொல்லியிருக்கிறோம்.

என் பெயர் அமல்தாஸ். சொந்த ஊர் ஏலாக்குறிச்சி. அரியலூர் பேருந்து நிலையத்துக்கு எதிர்ச் சந்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறேன். வெற்றிச்செல்விக்குத் தங்கள் பல்கலைக்கழகத்தின் நில அறிவியல் துறையில் திட்ட உதவியாளர் பணி கிடைத்து, புகார்க் கடிதங்களால் நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது. அந்தப் புகார்களை எழுதியவர் யார் என்பது வெள்ளிக்கிழமைக்குள் எழுத்து மூலம் தெரியவந்தால் அந்த இடம் அவளுக்கு. தெரியாவிட்டால் பட்டியலில் அடுத்திருப்பவருக்கு. அடுத்த மாதம் அவளுக்கு வயது வரம்பு தாண்டிவிடும். எனவே நேரடியாக விஷயத்துக்கு வருகிறேன். ஆனால் விஷயத்துக்கு ஒரு பின்னணி உண்டு.

தங்கள் பல்கலைக்கழகம் மிகப் பெரியது. அதில் எங்கே எந்த வேலை காலியாக இருக்கிறது என்று தங்களுக்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடும் என்று இங்கே வேடிக்கையாகச் சொல்வார்கள். தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இணையதளத்தில் வேலைவாய்ப்பு என்றே ஒரு பக்கம் இருக்கிறது. அதில் வேலை இருக்காது. அலுவலகப் பணியிடங்கள் பதிவாளர் பக்கத்தில் இருக்கும். ஆராய்ச்சிப் பணிகள் அந்தந்தத் துறையின் பக்கத்தில், கருத்தரங்கு அழைப்பிதழுக்கும் ஆசிரியர் தின வாழ்த்துக்கும் நடுவில் இருக்கும். ஆய்வகப் பணியாளர் தேவை என்ற அறிவிப்பை ஒருமுறை டெண்டர் பகுதியில், ஜெனரேட்டர் பழுதுபார்ப்புக்குக் கீழே கண்டெடுத்தேன். பாதி அறிவிப்புகளை யாரோ படுக்கைவாட்டில் ஸ்கேன் செய்து ஏற்றிவிடுகிறார்கள். கழுத்தைச் சாய்த்துத்தான் படிக்க வேண்டும். இந்த வட்டாரத்தில் கழுத்து சாய்ந்த பட்டதாரிகளைப் பார்த்தால் அவர்கள் என் கடைக்கு வருகிறவர்கள்.

சனிக்கிழமை மாலை எல்லாரும் வருவார்கள். விக்கிரமங்கலத்திலிருந்து வெற்றிச்செல்வி, வாலிகண்டபுரத்திலிருந்து அரியமுத்து, வரதராசன்பேட்டையிலிருந்து ஆனி ரோஸ், இன்னும் சிலர். அந்த வாரம் கிடைத்த அறிவிப்புகளை நான் வாசிப்பேன். தகுதி, வயது, கடைசித் தேதி, அதன் நீட்டிப்பு. யாருக்கு எது பொருந்தும் என்று பேசுவோம். விண்ணப்பத்தோடு அனுப்பும் கடிதத்தை நானே எழுதித் தருவேன். பிறகு சமோசா. ஒருவர் நேர்முகத் தேர்வுக்குப் போய்வந்தால் அடுத்த சனிக்கிழமை முழுக்க அந்தக் கதைதான். என்ன கேட்டார்கள், யார் கொட்டாவி விட்டார்கள், எந்தப் பேராசிரியர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மாலைகளைப் பற்றி அதிகம் எழுத விரும்பவில்லை. நன்றாக இருந்தன.

வேலை கிடைத்தவர்கள் சனிக்கிழமை வருவதில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனி ரோஸுக்குத் தங்களிடம் ஆய்வக வேலை கிடைத்தது. டெண்டர் பகுதியில் நான் கண்டெடுத்த அதே வேலை. பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது கட்டாயம் கடைக்கு வருகிறேன் என்றாள். பொங்கலன்று வாட்ஸப்பில் ஒரு வாழ்த்து வந்தது. எல்லாருக்கும் அனுப்பிய வாழ்த்து. அவள் உட்காரும் சிவப்பு நாற்காலியை மடித்து உள்ளே வைக்கலாம் என்று எடுத்தேன். அது மடிகிற நாற்காலி இல்லை.

அவளுக்கு அடுத்துத் தேறியவன் அரியமுத்து. நூலக உதவியாளர் பணி. அப்போதுதான் முதல் கடிதத்தை எழுதினேன்.

பொய் எழுதவில்லை. என் கடிதம் எதிலும் ஒரு பொய்கூட இல்லை, தாங்கள் சரிபார்த்துக்கொள்ளலாம். நான் கேள்விதான் கேட்டேன். “மேற்படி நபர் தமது ஊர் நூலகத்தில் எடுத்த நூல் ஒன்றை இதுநாள்வரை திருப்பிச் செலுத்தவில்லை. இவரை நூலகத்தில் பணியமர்த்துமுன் இது கவனிக்கப்பட்டதா?” இவ்வளவுதான். கீழே, பல்கலைக்கழகத்தின் நலம்விரும்பி என்று போட்டேன். அது உண்மை. அந்த நூலை அரியமுத்து திருப்பிச் செலுத்தாததும் உண்மை. எனக்குப் படிக்கக் கொடுத்திருந்தான்.

தங்கள் அலுவலகம் அவனிடம் விளக்கம் கேட்டது. அவன் கலங்கிப்போய் என்னிடம் வந்தான். நல்ல விளக்கமாக எழுதிக் கொடுத்தேன். எழுதி முடித்துத் திரும்ப வாசித்தபோது அதில் ஓரிடம் சற்றுப் பலவீனமாக இருப்பது தெரிந்தது. கடிதம் எழுதுகிறவனுக்கு அது தெரிந்தால் சும்மா இருக்க முடியாது. நலம்விரும்பி அதைச் சுட்டிக்காட்டி இன்னொரு கடிதம் எழுதினார். அதற்கும் விளக்கம் கேட்டார்கள். அவன் மறுபடி என்னிடம் வந்தான். இப்படியே போய்க்கொண்டிருந்ததில் அவனுக்கு வயது வரம்பு தாண்டிவிட்டது. இப்போது சிமென்ட் கடையில் பில் போடுகிறான்.

தாள் நிரம்ப நிரம்ப வெற்றிச்செல்வி வாங்கிச் சத்தமாக வாசிக்கிறாள். எனவே அரியமுத்து இதை இப்போதுதான் அறிகிறான். எழுந்து நின்றான். பிறகு உட்கார்ந்தான்.

“அண்ணே, அந்தப் பொஸ்தகம் ஒங்ககிட்டதான இருந்துச்சு?”

“ஆமாப்பா.”

“இப்பவும் இருக்கா?”

இழுப்பறையைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன். புரட்டிப் பார்த்தான். நடுவில் ஒரு பஸ் டிக்கெட் செருகியிருந்தது.

“படிச்சீங்களா?”

“பாதி.”

“பாதி படிக்கிறதுக்காண்ணே எஞ் சோலிய முடிச்சீங்க? ரெண்டு பொங்கலா ஒங்களுக்கு எறையூர்லேர்ந்து கரும்பு கட்டுக் கட்டாத் தூக்கிட்டு வந்தனே, வண்டி பின்னால வச்சு. அப்பயாவது ஒரு வார்த்த சொல்லத் தோணலியா?”

“கரும்பு நல்லா இருந்துச்சுப்பா.”

அவன் வெற்றிச்செல்வியைப் பார்த்தான். “இவர என்ன பண்றதுன்னே தெரியல,” என்றான். “எழுதட்டும்டா, நீ கால நீட்டு,” என்றாள் அவள். அவன் காலை நீட்டிக்கொண்டான்.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

வெற்றிச்செல்வியைப் பற்றி. இதில் காதல் கீதல் எதுவும் இல்லை என்பதைப் பதிவுசெய்ய விரும்புகிறேன். அவள் என்னை அண்ணே என்று கூப்பிடுகிறாள், நானும் அப்படித்தான் நினைக்கிறேன். அவள் புவியியலில் அல்ல, நிலவியலில் முதுகலை. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை எங்களுக்குப் பல சனிக்கிழமைகளில் விளக்கியிருக்கிறாள். அரியலூர்ப் பக்கம் ஒரு காலத்தில் கடலாக இருந்தது, சுண்ணாம்புக்கல் தோண்டுகிற இடமெல்லாம் சங்கும் நத்தையுமாகக் கல்லாகிக் கிடக்கிறது என்று அவள் சொல்லத் தொடங்கினால் சமோசா ஆறிவிடும். அந்தக் கல்லுயிர்களைக் கண்டறிந்து பாதுகாக்கும் திட்டம் ஒன்றுக்குத் தங்கள் துறை ஆள் தேடியது. அறிவிப்பு படுக்கைவாட்டில் கிடந்தது. கண்டுபிடித்தவன் நான்தான். முதலில் நானே அவளுக்குப் போன் செய்தேன். அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அவள் தேர்வானாள். கடைக்கு ஓடிவந்து அந்த நீல நாற்காலியில் உட்காராமல், அதைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே சொன்னாள். நான் மிகவும் மகிழ்ந்தேன். சமோசாவுக்குப் பதில் கேக் வாங்கினேன். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து, கடிதம் எழுதினேன்.

“தொல்லுயிர்களைப் பாதுகாக்கும் திட்டத்தில் சேரவிருக்கும் மேற்படி நபரின் வீட்டில், பல கோடி ஆண்டுப் பழமையான அம்மோனைட் கல்லுயிர் ஒன்று தோசை மாவுச் சட்டியின் மூடிமேல் பாரத்துக்கு வைக்கப்பட்டுள்ளது. இது கவனிக்கப்பட்டதா?”

விளக்கம் கேட்டு அவளுக்குக் கடிதம் வந்தது. எழுதிக் கொடுத்தேன்: அது வெறும் கல், பூனைக்குப் பயந்து வைத்தது. உடனே நலம்விரும்பி கேட்டார்: அம்மோனைட்டை வெறும் கல் என்று எழுதும் ஒருவர் இத்துறையில் முதுகலைப் பட்டம் பெற்றது எப்படி, கவனிக்கப்பட்டதா? அவள் சார்பில் நான் பதில் எழுதினேன்: அது அம்மோனைட் என்பது தெரியும், தாயாரிடம் எடுத்துச் சொல்லியும் பயனில்லை. நலம்விரும்பி விடவில்லை: தெரியாமல் வைத்திருந்தால் அறியாமை, தெரிந்தே வைத்திருந்தால் என்ன?

இரண்டு பக்கமும் ஒரே ஆள் எழுதியதால் வாதம் எங்கும் தொய்யவில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. தங்கள் கோப்பில் இருக்கும் வேறு கடிதங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தால் தெரியும்.

இந்தத் தாளையும் வெற்றிச்செல்வி வாசித்தாள். அம்மாக்கண்ணு என் பக்கம் திரும்பினார்.

“ஏந் தம்பி, எங்க வூட்டுக்கு வந்து தோச சாப்புட்டியே, அன்னிக்கா பாத்த அந்தக் கல்ல?”

“அன்னிக்குத்தாம்மா.”

“இன்னொண்ணு ஊத்துங்கம்மான்னு கேட்டியே, அதுக்கு முந்தியா பிந்தியா?”

“முந்திம்மா.”

“பாத்துட்டுமா இன்னொண்ணு கேட்ட,” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மடியிலிருந்த மஞ்சள் பைக்குள் கையை விட்டு அந்தக் கல்லை வெளியே எடுத்தார். ஒரு பெரிய சுருள் நத்தை மாதிரி, இரண்டு கையளவு, நல்ல கனம். நான் சற்றுப் பின்னால் சாய்ந்தேன். அவர் எழுந்து வந்து, காற்றில் படபடத்துக்கொண்டிருந்த இந்தத் தாள்களின் மேல் அதை வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தார். “பறக்குது,” என்றார்.

இனி, முறைகளைப் பற்றி. நலம்விரும்பியின் கடிதங்களுக்கு வேறு எழுத்துரு, வேறு தாள். தபாலில் சேர்க்க அரியலூரைப் பயன்படுத்தியதில்லை. பஸ் ஏறிப் பெரம்பலூர் போய் அங்கே போடுவேன். ஊர்க்காரரைப் பற்றிய மொட்டைக் கடிதத்தை ஊர்த் தபால் பெட்டியில் போடுவது மரியாதை இல்லை. எல்லாவற்றிலும் கவனமாக இருந்தேன். ஒன்றைத் தவிர.

எங்கள் பள்ளித் தமிழையா அருளானந்தம் கடிதத்தைப் பகுதி பகுதியாகச் சொல்லிக்கொடுத்தவர். அனுப்புநர், பெறுநர், பொருள், இடம், நாள், எல்லாவற்றுக்கும் கடைசியில் இடது பக்கம் உறைமேல் முகவரி. பரீட்சைத்தாளில் உறை கிடையாது. அதனால் அடியில் ஸ்கேல் வைத்து ஒரு கட்டம் போட்டு, அதற்குள் பெறுநர் முகவரியை எழுத வேண்டும். கட்டம் இல்லையென்றால் மார்க் போச்சு. பரீட்சைக்கு வெளியே யாரும் அதைப் போடுவதில்லை என்பது எனக்குத் தெரியும். உண்மையான உறை ஒன்று இருக்கும்போது உள்ளே எதற்குக் கட்டம்? ஆனாலும் அது இல்லாத கடிதம் எனக்கு முடிந்த மாதிரியே தெரியாது. கம்ப்யூட்டர் போடுகிற கட்டமும் பிடிக்காது. பிரிண்ட் எடுத்த பிறகு கறுப்புப் பேனாவும் ஸ்கேலும் எடுத்து நானே போடுவேன். “அண்ணே, கட்டம் போட்டாச்சா, பாஸ் பண்ணிடுவமா?” என்று வெற்றிச்செல்வி கிண்டல் செய்வாள்.

போன செவ்வாய்க்கிழமை தங்கள் விசாரணை அலுவலர் அம்மையார் அரியலூர் வந்தார். வெற்றிச்செல்விதான் அவரை என் கடைக்கு அழைத்துவந்தாள். “எங்க அண்ணந்தான் மேடம், எல்லா வெளக்கமும் எழுதிக் குடுத்தாங்க. என்ன வேணும்னாலும் இவங்களக் கேளுங்க,” என்றாள். அம்மையார் கோப்பைப் பிரித்துக் கடிதங்களை இந்த மேசைமேல் இரண்டு வரிசையாகப் பரப்பினார். மேல்வரிசை புகார்கள், கீழ்வரிசை விளக்கங்கள்.

“யாரோ தெரியல, ரொம்ப நல்லா எழுதுறார்,” என்றார்.

நன்றி என்றேன். விளக்கங்களுக்காக என்று அவர் எடுத்துக்கொண்டார்.

வெற்றிச்செல்வி குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். புகார்களை அவள் அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறாள். அதுவரை அவளுக்கு வந்தவையெல்லாம் அலுவலகத்தின் கேள்விகள்தான். பிறகு ஒரு கட்டத்தின் மேல் விரலை வைத்தாள். குரலில் ஒரு மாற்றமும் இல்லை.

“அண்ணே, இந்தக் கட்டத்துக்கு எத்தன மார்க்கு?”

“ஒரு மார்க்,” என்றேன். “கோடு நேரா இருந்தா.”

அவள் விரல் இருந்தது மேல்வரிசையில்.

அம்மையாருக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. அவர் ஆங்கிலவழியில் படித்தவராக இருக்கலாம். வெற்றிச்செல்வி விரலை எடுக்கவில்லை. “எனக்கு வந்த கேள்வியப் படிச்சு ராத்திரியெல்லாம் அழுதிருக்கேன்ண்ணே. காலையில ஒங்ககிட்ட வந்தா, தண்ணி குடி, ஒக்காரு, நான் எழுதுறேன்ம்பீங்க. ஒங்கள மாதிரி ஒருத்தர் இருக்கறதாலதான் தைரியமா இருக்கேன்னு அம்மாகிட்ட சொல்லுவேன்.” நான் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். அவள் குடிக்கவில்லை. அம்மையார்தான் எடுத்துக் குடித்தார்.

அம்மையார் கேட்டது எழுத்து மூலமான வாக்குமூலம், என் கைப்பட. அதுதான் இது.

ஏன் செய்தேன் என்று கேட்டால், யாருக்கும் கெடுதல் செய்யும் எண்ணம் எனக்கு எப்போதும் இருந்ததில்லை. அவர்கள் வேலை தேடுவதை நான் ஒருநாளும் தடுக்கவில்லை. தேடுவதற்கு என்னைவிட உதவியவர் இந்த மாவட்டத்தில் யாரும் இல்லை. கிடைப்பதைத்தான் சற்றுத் தள்ளிப்போட்டேன். ஆனி ரோஸ் போனபின் ஒரு சனிக்கிழமை மழை பெய்து யாரும் வரவில்லை. அறிவிப்புகளை எடுத்து, தகுதி, வயது, கடைசித் தேதி என்று நாற்காலிகளுக்கு வாசித்தேன். அதற்குமேல் அந்தக் கேள்விக்கு என்னிடம் விளக்கம் இல்லை.

அரியமுத்துவைப் பற்றியும், வெற்றிச்செல்வியைப் பற்றியும் தங்களுக்கு வந்த நலம்விரும்பியின் கடிதங்கள் அனைத்தையும் எழுதியவன் நானே என்று ஒப்புக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
அமல்தாஸ்

குறிப்பு: டீக்காரர் வந்திருக்கிறார். எல்லாரும் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். அதற்குள் ஒன்றைக் குறிப்பிடுவது என் கடமை. இதை எழுதும்போது யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்று தொடக்கத்தில் தெரிவித்திருக்கிறேன். வழியில் ஒருவர் காலை நீட்டி அமர்ந்திருந்ததும், பயன்பெறுபவர் நேர் எதிரே இருந்ததும், மேசைமேல் கனமான ஒரு கல் இருந்ததும் தங்கள் பார்வைக்கு வந்திருக்கும். இத்தகைய சூழலில் பெறப்பட்ட வாக்குமூலம் செல்லுமா என்பது கவனிக்கப்பட்டதா?

மேற்படி குறிப்பை வெற்றிச்செல்வி வாசித்துவிட்டாள். சத்தமாக வாசிக்கவில்லை. டீயைக் கீழே வைத்தாள்.

“நலம்விரும்பி வந்துட்டாரு,” என்றாள் மற்ற இருவரிடமும். அம்மாக்கண்ணு சிரித்துவிட்டார். அரியமுத்துவுக்குச் சிரிப்பு வரவில்லை. “எழுதுங்கண்ணே. இந்தத் தடவ வெளக்கம் நான் சொல்றேன்.”

அவள் சொல்லச் சொல்ல எழுதுகிறேன்:

கவனிக்கப்பட்டது. கல் காற்றுக்கு வைத்தது. அதைத் திட்டத்தில் ஒப்படைக்கவே என் தாயார் கொண்டுவந்திருக்கிறார், மாவுச் சட்டிக்கு வேறு ஏற்பாடு செய்துகொள்வார். அரியமுத்துவின் கால் இயல்பிலேயே நீளம். டீக்காரர் அதைத் தாண்டி உள்ளே வந்து, டீ கொடுத்து, தாண்டியே வெளியே போனார். அமல்தாஸ் அவர்களும் எப்போது வேண்டுமானாலும் போயிருக்கலாம். அவர் எழுந்திருக்கவே இல்லை. இதுவரை என் பெயரில் வந்த விளக்கங்கள் எல்லாம் அவர் எழுதியவை. இது ஒன்றுதான் நானே சொல்வது. இனி என்னைப் பற்றிக் கேள்வி வந்தால் என்னைக் கேட்கவும்.

கீழே அவள் கையெழுத்து. சாட்சிக்கு அம்மாக்கண்ணுவும் அரியமுத்துவும் போட்டிருக்கிறார்கள்.

நன்றாகச் சொன்னாள். ஓரிடத்தில்கூடப் பலவீனம் இல்லை. இரண்டு முறை வாசித்துப் பார்த்தேன்.

கட்டம் போட ஸ்கேலை எடுத்தேன். அவள் வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டாள். ஒரு மார்க் போனால் போகட்டுமாம். உறையில் பெறுநர் முகவரியை அவளே எழுதிவிட்டாள். அனுப்புநர் முகவரியை மட்டும் என்னை எழுதச் சொன்னாள், அதை நான் எழுதுவதை நேரில் பார்க்க வேண்டுமாம். எழுதினேன். நலம்விரும்பிக்கு முகவரி இருந்ததில்லை, எனவே சற்றுப் புதிதாக இருந்தது. அரியமுத்து வெளியே போய் வண்டியைக் கிளப்பி வைத்திருக்கிறான். விரைவு அஞ்சலில் போட்டு ரசீதோடு வருவான். வெற்றிச்செல்வி பசை டப்பாவின் மூடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறாள், இந்த வரிகளைப் பார்க்கவில்லை.

அனுப்புநர் என்ற இடத்தில் கடையின் முகவரியைத்தான் கொடுத்திருக்கிறேன். பணி ஆணையை அங்கேயே அனுப்பிவைக்கவும். வெள்ளிக்கிழமை தாங்கள் அனுப்பினால் எப்படியும் சனிக்கிழமைதான் வந்துசேரும். அதை வாங்க அவள் வருவாள். நீல நாற்காலியைத் துடைத்து வைக்கிறேன்.

மூடி திறந்துவிட்டது. மடிக்கிறேன்.